பார் இல்லாத சைக்கிள்

வியாழக்கிழமை மத்தியானம் அந்தக் கடிதம் வந்ததிலிருந்து மலையாண்டி ஒரு நிலையில் இல்லை. செல்லூரில் ஒரு பவர்லூம் கூடத்தில் ஆறு வருஷமாகத் தறி ஓட்டுகிறவன் அவன். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் காதில் விழாது. அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பு நாலு தறி தாண்டிக் கேட்டதாகக் கூட வேலை பார்த்தவர்கள் ஒரு மாசம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கடிதம் எழுதியவள் அவன் மனைவி பாண்டியம்மாள். பேரையூருக்கு மேற்கே ஐந்து மைல் தள்ளி, மலையடிவாரத்தை ஒட்டின ஊத்துப்பட்டியில் இருக்கிறாள். மலையாண்டி வாரக் கடைசியில்தான் ஊருக்குப் போவான். ‘மச்சானுக்கு, ஊர்த் தபால்காரர் வேலைக்கு என் பேர் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் தபால் இலாகா ஓவர்சியர் வந்து சைக்கிள் ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். அதில் தேறினால்தான் வேலை உறுதி. சொந்தமாக சைக்கிள் வேண்டுமாம். எனக்கு ஓட்டத் தெரியும். சைக்கிளுக்கு மட்டும் நீங்கள் வழி செய்யுங்கள்.’

ஊத்துப்பட்டியில் எட்டாவது பாஸ் செய்த பெண்கள் இரண்டே பேர். அதில் ஒருத்திக்கு சர்க்கார் வேலை. அவள் தன் பொண்டாட்டி. மலையாண்டிக்குத் தலைகால் புரியவில்லை.

அவளுக்கு ஓட்டத் தெரியும் என்பதில் அவனுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. பாண்டியம்மாள் அவனுடைய அத்தை மகள். அவளுக்குப் பன்னிரண்டு வயசிருக்கும்போது, பொங்கலுக்குப் போன இடத்தில், மாமாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்மாய்க்கரை மேல் அவள் பறந்த பறப்பைக் கண்ணால் பார்த்தவன் அவன். அன்றைக்கே கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்தான் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் பெரிய மிகை இல்லை.

சனிக்கிழமை, அன்றைக்கு அரை நாளும் திங்கட்கிழமை முழுக்கவும் லீவு சொல்லிவிட்டு முதலில் மாசி வீதிப் பக்கம் ஒரு பெரிய சைக்கிள் கடைக்குப் போனான். வாசலிலேயே சிவப்பு நிறத்தில் புத்தம் புது லேடீஸ் சைக்கிள் நின்றது. முன்னால் கூடை, பின்சக்கரத்தில் சேலை மாட்டாமல் இருக்க வலை, மணியைத் தொட்டால் கோயில் மணி போல ஒரு நாதம். கடைக்காரர் விலையைச் சொன்னதும் மலையாண்டி மணியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

“எந்த ஏரியாவுல ஓட்டப்போறாங்க?” என்று கேட்டார் கடைக்காரர்.

“மலையடிவாரம்ண்ணே. கல்லுப் பாதை. நடுவுல ஒரு ஓடை. கடைசியில ஒரு ஏத்தம்.”

“அதுக்கு இது தாங்காதுப்பா. இது காலேஜுக்குப் போற வண்டி” என்றார் அவர். யோக்கியமான மனுஷன்.

மலையாண்டி நேரே செல்லூருக்குத் திரும்பி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய ஒரு சந்துக்குள் நுழைந்தான். அங்கேதான் கருத்தக்கண்ணனின் பட்டறை. கருத்தக்கண்ணன் சைக்கிள் ஃபிட்டர். முழு வண்டி விற்க மாட்டார். ஓர் ஊரில் ஃபிரேம், இன்னோர் ஊரில் ரிம், ஏலத்தில் எடுத்த பெடல் என்று சேர்த்து, கேட்கிறவன் தேவைக்கு ஏற்ற மாதிரி வண்டி கட்டிக் கொடுப்பார். நெசவுப் பாவு சுமக்கிற வண்டி, பால்கேன் வண்டி, ஐஸ் வண்டி எல்லாம் அவர் கையால் பிறந்தவை. பேச்சு மட்டும் கொஞ்சம் முரடு.

“மலை ஏறணும், கல்லுல ஓடணும், வெலையும் கொறச்சலா இருக்கணும். அம்புட்டுத்தானே? இந்தா, இதை எடு” என்று சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே பார் வைத்த கறுப்பு ஃபிரேம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். “யானை மிதிச்சாலும் வளையாது.”

“அண்ணே, ஓட்டப்போறது பாண்டி. சேலை கட்டிக்கிட்டு பாருக்கு மேல காலைத் தூக்கிப் போட முடியுமா? லேடீஸ் வண்டிதான் வேணும்.”

“மாப்ள, கேட்டுக்க. பார் இல்லாத வண்டி கல்லுல குதிச்சா ஃபிரேம் ரெண்டா மடங்கும். அப்புறம் என்னைய வந்து கேக்கக் கூடாது.”

“ஊரே வேடிக்கை பாக்கும்ண்ணே. அந்தப் புள்ள கௌரவமா ஏறி உக்காரணும்.”

மலையாண்டி ஒற்றைக்காலில் நின்றான். பாண்டியம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க நேரமும் இல்லை, கேட்க வேண்டும் என்ற நினைப்பும் இல்லை. பொண்டாட்டிக்கு எது நல்லது என்று தனக்குத் தெரியாதா என்கிற எண்ணம், நம் ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேருக்கும் உள்ளதுதான்.

கருத்தக்கண்ணன் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுப் பட்டறைக்குப் பின்னால் போய், துருவேறிய லேடீஸ் ஃபிரேம் ஒன்றை இழுத்து வந்தார். பசுமலையில் ஒரு டீச்சரம்மா பத்து வருஷம் ஓட்டிவிட்டு எடைக்குப் போட்டது. “பசுமலை ஏத்தத்துலயே ஏறி இறங்குனது. ஒடம்பு கெட்டிதான். நடுவுல ஒரு பைப்பு வச்சுப் பத்த வச்சுட்டா இன்னும் தாங்கும்” என்றார். அப்போதே அவருக்கும் ஆசை பிடித்துவிட்டது என்பது அவர் லுங்கியை மடித்துக் கட்டின வேகத்தில் தெரிந்தது.

அப்புறம் இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டை மறந்துபோனார்கள். ஃபிரேமில் வெல்டிங் வைத்து ஒரு குறுக்குப் பைப் ஏறியது. முன்சக்கரத்தைப் பிடிக்க லோடு வண்டியின் கனத்த ஃபோர்க். டயர் இரண்டும் பால்கார வண்டிக்குப் போடுகிற தடியான டயர். செயினைச் சுற்றி முழு மூடி. பின்சக்கரத்துக்கு நூல் கயிற்றால் வலை. அந்த வலையை மலையாண்டியே பின்னினான், தறிக்காரன் கைக்கு அது பெரிய வேலையா என்ன!

“இதுதான்டா முக்கியம்” என்று எண்ணெயில் ஊறிய ஒரு ஃப்ரீவீலைக் கையில் உருட்டிக் காட்டினார் கருத்தக்கண்ணன். “எல்லா வண்டிக்கும் பின்னால பதினெட்டுப் பல்லு. இது இருபத்திரெண்டு. ரோட்டுல போனா கால்தான் சுத்தும், வண்டி மெதுவாத்தான் போகும். ஆனா ஏத்தத்துல மத்தவன் எறங்கித் தள்ளுற எடத்துல இது ஏறும்.”

மலையாண்டிக்கு அவர் கையைப் பிடித்துக் கும்பிடத் தோன்றியது.

சீட்டு வைக்கும்போதுதான் சங்கடம் வந்தது. “தங்கச்சி இடுப்பு எம்புட்டு உசரம்?” என்று சாதாரணமாகக் கேட்டார் ஃபிட்டர். சந்தில் போகிறவர்கள், வருகிறவர்கள், பக்கத்து வீட்டு வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மலையாண்டி முகம் சிவந்து, தன் உடம்பிலேயே ஓர் இடத்தைத் தொட்டு, “இங்கிட்டு இருக்கும்ண்ணே” என்றான். கொஞ்சம் யோசித்து இரண்டு விரல்கடை இறக்கினான். நூல் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் நூல் அறுந்துபோயிருக்கும்.

மறுநாள் காலை பஸ்ஸின் மேலே சைக்கிளை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கீழே இறங்கி அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறினான். கண்டக்டர் அலுத்துப்போய், “யோவ், அது எங்கயும் எறங்கிப் போகாது, உக்காருய்யா” என்றார். பேரையூரில் இறங்கி ஊர் வரைக்கும் அவனே மிதித்துக்கொண்டு போனான். முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. வழியில் ஆடு மேய்த்தவர்கள், “என்ன மாப்ள, பொம்பள வண்டி!” என்று கூப்பாடு போட்டார்கள். “ஆமாய்யா, பொம்பளைக்குத்தான்!” என்று மணியை அடித்துக்கொண்டே போனான்.

பாண்டியம்மாள் மணிச் சத்தம் கேட்டு மாவுக்கையோடு ஓடி வந்தாள். வண்டியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். புறங்கையால் சீட்டைத் தொட்டாள், மணியைத் தொட்டாள். கண் நிறைந்துவிட்டது.

“எனக்கே எனக்கா மச்சான்?”

“பின்ன? உன் பேரை வேணா எழுதி வச்சுக்க. ஏறு, பாப்போம்.”

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, சேலையை வரிந்து செருகினாள். வண்டிக்கு இடப்பக்கம் நின்றாள். இடது கையால் ஹேண்டிலைப் பிடித்தாள். வலது கையைச் சீட்டின் மேல் போட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டாள். இடது காலை இடது பெடலில் வைத்தாள். வலது காலை வண்டிக்கு நடுவே நுழைத்து அந்தப் பக்கத்துப் பெடலைத் தேடினாள். குறுக்கே கருத்தக்கண்ணன் வைத்த பைப் இருந்தது. காலை எடுத்துவிட்டு மறுபடி நுழைத்தாள். நுழையவில்லை.

“மச்சான், பாரைக் காணோமே” என்றாள்.

“பார் எதுக்கு? சீட்டுல ஏறி உக்காரு.”

“சீட்டுலயா?” பாண்டியம்மாள் அவனை விநோதமாகப் பார்த்தாள். “நான் சீட்டுல உக்காந்ததே இல்லையே!”

மலையாண்டிக்கு அந்தப் பொங்கல் முழுசாக ஞாபகம் வந்தது. கரைமேல் பறந்தாள்தான். ஆனால் பாருக்கு அடியில் முக்கோணத்துக்குள் காலை விட்டு, ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு, அரைப் பெடல் போட்டுப் பறந்தாள். சீட்டு எட்டாத வயசில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் ஓட்டும். வளர்ந்த பிறகு பையன்கள் சீட்டுக்கு ஏறிவிடுவார்கள். பாண்டியம்மாள் அடுத்த வருஷமே பெரிய மனுஷி ஆனாள், அவளுடைய அப்பா சைக்கிளுக்குப் பூட்டு வாங்கிவிட்டார். அதோடு சரி. இதையெல்லாம் தெரிந்துவைத்திருந்த மலையாண்டி, பார்த்துப் பார்த்து, அவளுக்குத் தெரிந்த அந்த ஒரே வித்தையையும் காட்ட முடியாத வண்டியாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

“கெடுத்துட்டேனே பாண்டி” என்று வண்டி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

பாண்டியம்மாள் உட்காரவில்லை. “இன்னைக்குப் பொழுது முச்சூடும் இருக்குல்ல. எந்திரிங்க. களத்துக்குப் போவோம்” என்றாள்.

களத்தில் கேரியரை அவன் பிடித்துக்கொள்ள, அவள் சீட்டில் ஏறினாள். பத்தடி போய் விழுந்தாள். இருபதடி போய் விழுந்தாள். முழங்கை தேய்ந்தது, வளையல் உடைந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் மொக்கைச்சாமியும் இருந்தார். தன் மருமகனுக்கு அந்த வேலையைக் கேட்டுப் பார்த்துக் கிடைக்காமல் போனவர். “தபால் கொண்டாரதுக்குள்ள கால் ஒடிஞ்சிரும் போலயே” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். பாண்டியம்மாள் அந்தக் கோபத்திலேயே அடுத்த தடவை களம் முழுக்கப் போனாள். மலையாண்டி எப்போதோ கையை எடுத்துவிட்டிருந்தான். அது தெரிந்ததும் அவள் போட்ட கூச்சலில் புறாக்கள் எழுந்து பறந்தன.

பிரச்சினை நிறுத்துவதில்தான் இருந்தது. மெதுவாகப் போனால் சாய்ந்தாள். பிரேக்கைப் பிடித்தால் விழுந்தாள். கடைசியில் ஒரே ஒரு வழி கண்டுபிடித்தாள். நேரே போய் வைக்கோல் போரில் முட்டுவது. இருட்டுகிற வரைக்கும் ஓட்டி, முட்டி, தலையெல்லாம் வைக்கோலாக வீட்டுக்கு வந்தாள். ஓட்ட வந்துவிட்டது. தானாக ஏறவும், வளைத்துத் திருப்பவும், இறங்கவும் வரவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே ஓவர்சியர் சொக்கநாதன் வந்துவிட்டார். காக்கிச் சட்டை, மூக்குக் கண்ணாடி, சிரிக்காத முகம். தன் சைக்கிளைச் சாவடிப் பக்கம் நிறுத்திவிட்டு, மேற்கே மலைமேல் இருக்கிற மேலக்கரட்டுக்குப் போகிற பாதையைக் காட்டினார்.

“அந்த வேப்பமரம் வரைக்கும் போங்க. திரும்பி வந்து என் முன்னால எறங்குங்க. அம்புட்டுத்தான்.”

போவது ஒன்றுதான் அவளால் ஆகும். மலையாண்டி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் வண்டியைப் பிடித்தாள். அவன் சட்டென்று ஓடி, “கேரியர்ல மண்ணா இருக்கு, தட்டி விடுறேன்” என்று குனிந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் ஏறி உட்கார்ந்ததும் ஒரு தள்ளுத் தள்ளினான். ஓவர்சியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

பாண்டியம்மாள் போனாள். முதுகு நேராக, முந்தானை பறக்க, என்ன ஒரு அழகு! ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. வேப்பமரம் வந்தது. வேப்பமரம் போனது.

“திரும்புங்கம்மா!” என்று ஓவர்சியர் கத்தினார்.

அவள் மணியை அடித்தாள். திரும்பவில்லை.

“என்னய்யா இது, எங்க போகுது அந்தம்மா?”

“மேலக்கரட்டுக்குத்தான் போகுதுங்கய்யா. பாதை அங்கிட்டு மட்டுந்தான் போகுது” என்றான் மலையாண்டி பரிதாபமாக. மொக்கைச்சாமி துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

ஓவர்சியர் தன் சைக்கிளில் ஏறி விரட்டினார். மலையாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினான். முன்னால் போகிறவளுக்கு நிறுத்தத் தெரியாது, நடுவில் ஓடை, ஓடை நிறையக் கூழாங்கல். விழுந்தால் மண்டை உடையும். “ஹேண்டிலை விட்றாத பாண்டி! விட்றாத!” என்று கத்திக்கொண்டே ஓடினான். வண்டி ஓடைக்குள் இறங்கியது. தடதடவென்று ஆடியது. தடித்த டயர் கல்லின் மேல் ஏறி இறங்கி அக்கரைக்குப் போய்விட்டது. ஃபிரேம் மடங்கவில்லை. பின்னால் போன ஓவர்சியரின் வண்டிதான் ஓடை நடுவே மாட்டியது. அவர் இறங்கித் தூக்கிக்கொண்டு கடந்தார்.

அதற்குப் பிறகு ஏற்றம். சொக்கநாதன் எழுந்து நின்று மிதித்துப் பார்த்தார். பாதியில் மூச்சு வாங்கி இறங்கித் தள்ள ஆரம்பித்தார். மேலே பாண்டியம்மாளின் கால் மட்டும் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வண்டி ஆமை வேகத்தில் ஏறியது. ஆனால் நிற்காமல் ஏறியது. மலையாண்டிக்கு ஓடிக்கொண்டே அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மேலக்கரட்டில் பதினெட்டு வீடுகள். முதல் வீட்டு வாசலில் இருளாயி என்கிற பெண் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். மேட்டின் விளிம்பில் ஒரு தலை முளைத்து, அப்புறம் சைக்கிள் முளைத்து, “அக்கா, புடிங்க! புடிங்க!” என்று அலறிக்கொண்டு தன்மேல் வருவதைப் பார்த்துத் தழையைப் போட்டுவிட்டு ஹேண்டிலைக் கட்டிப் பிடித்தாள். இரண்டு பேரும் ஆட்டுக் குட்டிகளுக்கு நடுவே விழுந்தார்கள்.

ஓவர்சியரும் மலையாண்டியும் மேலே வந்தபோது, இருளாயி பாண்டியம்மாளின் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கூட்டம். ஓவர்சியருக்குப் பேச மூச்சு வர ஒரு நிமிஷம் ஆனது.

“ஏம்மா திரும்பல?”

பாண்டியம்மாள் எழுந்து நின்றாள். ஏதாவது பொய் சொல்லிவிடு என்று மலையாண்டி கண்ணால் கெஞ்சினான். அவள் நேரே ஓவர்சியரைப் பார்த்தாள். “திரும்பத் தெரியாதுங்கய்யா. எறங்கவும் தெரியாது. நேத்துத்தான் கத்துக்கிட்டேன். இம்புட்டுத்தான் வந்துச்சு.”

சொக்கநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரம் பார்த்து இருளாயி காக்கிச் சட்டையைக் கவனித்துவிட்டாள். “ஐயா, தபாலாபீஸா? என் மகன் பட்டாளத்துல இருக்கான். லெட்டர் எதுவும் வந்துருக்காய்யா? கீழ போயித்தான் கேக்கணும். வாரத்துல ஒரு நா எறங்குவேன். முன்னால இருந்த தபால்காரருக்குக் கால் சரியில்ல, பாவம், மேல வர மாட்டாரு.”

ஓவர்சியர் இருளாயியைப் பார்த்தார். தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஏற்றத்தைப் பார்த்தார். முழங்கையில் மண்ணும் ரத்தமுமாக நின்றவளைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, சைக்கிள் சீட்டின் மேல் வைத்து எழுதினார்.

“ஓட்டத் தெரியும்னு எழுதியிருக்கேன். மத்ததைப் பத்து நாளைக்குள்ள கத்துக்கங்க. நான் மறுபடி வருவேன்” என்றார். பிறகு இருளாயி பக்கம் திரும்பி, “நாளையிலேர்ந்து இந்தம்மா வருவாங்க. நீங்க கீழ எறங்க வேணாம்” என்றார். இருளாயி பாண்டியம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

மலையாண்டி வண்டியை நிமிர்த்தினான். ஹேண்டிலைச் சரிசெய்தான். கேரியரைப் பிடித்துக்கொண்டு, “வா பாண்டி, ஏத்தி விடுறேன்” என்றான். அவனுக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. இன்னொரு பக்கம் கவலை. சாயங்காலம் அவன் செல்லூருக்குத் திரும்ப வேண்டும். நாளைக்கு இவளை யார் ஏற்றிவிடுவது?

பாண்டியம்மாள் வண்டியை அவனிடமிருந்து வாங்கினாள். இருளாயி வீட்டு ஆட்டுக்கொட்டிலின் குட்டைச் சுவர் ஓரமாக உருட்டிக்கொண்டு போனாள். சுவரின் மேல் ஏறி நின்றாள். அங்கிருந்து சீட்டுக்கு மாறி உட்கார்ந்தாள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. மலையாண்டி பாய்ந்து போய்க் கேரியரைப் பிடித்தான்.

“விடுங்க மச்சான்.”

“எறக்கம் பாண்டி. கீழ எப்படி நிறுத்துவ?”

“அதை அங்க போய்ப் பாத்துக்கிறேன். நீங்க விடுங்க.”

அவன் கையை எடுத்தான். அவள் காலால் சுவரை ஒரு உதை உதைத்தாள். வண்டி இறக்கத்தில் இறங்கியது. இரண்டு கையும் பிரேக்கில், முந்தானை இடுப்பில், மணி விடாமல் அடித்துக்கொண்டே போய் மேட்டுக்குக் கீழே மறைந்தாள். மணிச் சத்தம் ஓடையைத் தாண்டுகிற வரைக்கும் கேட்டது. ஓவர்சியரும் கிளம்பிப் போய்விட்டார்.

மலையாண்டி வெறுங்கையோடு நின்றான். ஊருக்கு மூன்று மைல். நடந்துதான் போக வேண்டும். சிரித்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தான்.